கணினியின் நாடி பார்த்தல்: ஒரு வாசிகசாலை அனுபவம்

எங்கள் மஹல்லா வாசிகசாலையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. அதில்தான் பழைய சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், கலியாண வாழ்த்து மடல்கள், அரபுத் தமிழ்க் கையெழுத்துக் கொப்பிகள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிச் சேர்த்து வருகிறோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போன பிறகு, கரையோரத்து வீடுகளில் கடதாசி என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. இலங்கையிலேயே அதிகம் பேரை இழந்தது அம்பாறை மாவட்டம். மனிதர்களையே தேடிக்கொண்டிருந்த நாட்களில் கடதாசியைப் பற்றி யார் யோசிப்பார்? அடுத்த ஆண்டு, 2005இல், நூலகம் திட்டம் இணையத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களைச் சேர்க்கத் தொடங்கியது. அதைப் பார்த்துத்தான் எங்களுக்கும் இந்த எண்ணம் வந்தது. சித்திலெப்பை 1882இல் தொடங்கிய ‘முஸ்லிம் நேசன்’ போன்ற ஏட்டைத் தேடி ஆய்வாளர்கள் பலர் அலைந்திருக்கிறார்கள். எங்கள் ஊர் மலர் ஒன்றைத் தேடி அப்படி அலைய ஆள் வராது. நாங்கள்தான் வைத்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை சஞ்சிகைகளைப் பற்றியதல்ல. அவற்றைச் சுமந்த கணினியைப் பற்றியது. அது சாகக் கிடந்ததை இரண்டு மாதம் அறியாமல் இருந்தோம். பிறகு எப்படி அறிந்தோம், இப்போது எப்படிக் கண்காணிக்கிறோம் என்பதை எழுதுகிறேன். நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், கொம்பியூட்டர் படித்தவனல்ல. வாசிகசாலைகளிலும் பள்ளிவாசல் காரியாலயங்களிலும் இப்படியான ஒற்றைக் கணினியை நம்பியிருப்போர் பலர் இருப்பதால் இது அவர்களுக்குப் பயன்படலாம்.

2022 ஏப்ரலில் மெசின் மெதுவாகத் தொடங்கியது. ஒரு பக்கத்தை ஸ்கேன் பண்ணிச் சேமிக்க ஒரு நிமிடம், சில வேளை மூன்று நிமிடம். ஸ்கேன் வேலை பார்க்கும் பிள்ளை, “சேர், இது செத்துப் பெய்த்து” என்றாள். கடையில் காட்டினோம். அங்கிருந்த தம்பி கொஞ்ச நேரம் எலியை ஆட்டிப் பார்த்துவிட்டு, “ரெம் காணாது, கூட்டிப் போடுங்க, இல்லாட்டிப் புதுசு எடுக்கணும்” என்றார். அது எப்படிப்பட்ட காலம் என்று வாசகருக்கு நினைவிருக்கும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. இருநூறு ரூபாயாக இருந்த டொலர் முந்நூற்றைம்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. புது மெசின் நினைக்கவே முடியாது. பத்துப் பதினைந்து பேரிடம் காசு சேர்த்து ரெம் வாங்கிப் போட்டோம். ஒரு மாற்றமும் இல்லை. கடைத் தம்பியைக் குறை சொல்லமாட்டேன். அவர் பொய் சொல்லவில்லை, ஊகித்தார். அளந்து காட்டுங்கள் என்று கேட்கும் அறிவு எனக்கு இருக்கவில்லை.

என் தங்கச்சியின் மகன் தோஹாவில் சேர்வர்களைப் பார்க்கும் வேலையில் இருக்கிறான். ஜூன் மாதத்து இரவொன்றில் அவனிடம் தொலைபேசியில் முறையிட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னான்: “மாமா, ரெம் வாங்கிறத்துக்கு முந்தி ஆருமே அளந்து பாக்கல்லியா? கறுப்புத் திரையத் திறங்க, நான் செல்லுறன்.”

எங்கள் மெசினில் இருப்பது உபுண்டு லினக்ஸ். கண்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்தக் கறுப்புத் திரை, அதாவது முனையம், திறக்கும். அதில் கட்டளைகளை எழுத்தால் தட்ட வேண்டும். மருமகன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் காதால் கேட்டபடியே கொப்பியில் எழுதினேன். இங்கேயும் அப்படியே தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

ஏன் கறுப்புத் திரை, படம் காட்டும் மென்பொருள் இல்லையா என்று கேட்டேன். இரண்டு காரணம் சொன்னான். மூச்சு முட்டும் மெசினில் படம் காட்டும் மென்பொருளைத் திறப்பது நோயாளியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து நாடி பார்ப்பது மாதிரி. மற்றது, எழுத்தாக வருவதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டலாம், கொப்பியில் எழுதி வைக்கலாம், நேற்றோடு ஒப்பிடலாம். இந்தக் கட்டளைகள் ஒன்றும் மாயம் செய்வதில்லை. லினக்ஸின் கரு தன் கணக்கையெல்லாம் ‘ப்ராக்’ என்ற கோப்புறையில் எண்களாக வைத்திருக்கிறது. கட்டளைகள் அந்த எண்களை எடுத்து ஒழுங்குபடுத்திக் காட்டுகின்றன, அவ்வளவுதான்.

முதல் கட்டளை ‘அப்டைம்’. மெசின் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று சொல்லிவிட்டு, வரியின் கடைசியில் மூன்று எண்களைத் தந்தது: 9.12, 8.87, 7.40. இதற்குச் சுமைச் சராசரி என்று பெயர். முதலாவது கடந்த ஒரு நிமிடத்தினது, அடுத்தது ஐந்து நிமிடத்தினது, மூன்றாவது பதினைந்து நிமிடத்தினது. முதலாவது பெரிதாகவும் மூன்றாவது சிறிதாகவும் இருந்தால் சுமை ஏறுகிறது என்று அர்த்தம். பிறகு ‘என்ப்ராக்’ என்று தட்டச் சொன்னான். 4 என்று வந்தது. எங்கள் செயலிக்கு நான்கு கருக்கள்.

நான்கு கருவுக்கு ஒன்பது சுமை. “அப்ப கடைக்காரன் செல்லினது சரிதானே, மெசினுக்குப் பெலன் காணாது” என்றேன். “பொறுங்க மாமா, அங்கதான் எல்லாரும் விழுற.”

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வயல் தெரிந்தவர்களுக்கு வட்டை விதானையைத் தெரியும். நான்கு மதகு, நான்கு பேருக்கு ஒரே நேரத்தில் தண்ணீர் விடலாம். ஒன்பது பேர் நின்றால் ஐந்து பேர் காத்திருக்கிறார்கள். பழைய யுனிக்ஸ் கணினிகள் சுமையை இப்படித்தான் எண்ணின: மதகில் நிற்பவர், மதகுக்காகக் காத்திருப்பவர். மதகு என்றால் செயலி. ஆனால் லினக்ஸ் இன்னொரு கூட்டத்தையும் சேர்த்து எண்ணுகிறது. விதைநெல் வண்டி வரவில்லையே என்று வரம்பில் குந்தியிருப்பவர்கள். அவர்களுக்கு இப்போது தண்ணீர் தேவையில்லை. மதகு வெறுமையாகவே இருக்கலாம். வண்டி என்றால் வன்தட்டு. தரவு வன்தட்டிலிருந்து வரும்வரை தூங்கிக் காத்திருக்கும் வேலைகளும் அந்த ஒன்பதுக்குள் அடக்கம்.

இந்தப் பழக்கம் 1993இல் மத்தியாஸ் உர்லிக்ஸ் என்பவர் அனுப்பிய ஒரு சிறு திருத்தத்தால் வந்தது. வேகமான வட்டைக் கழற்றிவிட்டு மெதுவான வட்டைப் போட்டால் மெசின் மந்தமாகும், ஆனால் சுமை எண்ணோ குறைந்து காட்டும், இது அபத்தமல்லவா என்பது அவருடைய நியாயம். சரியான நியாயம்தான். ஆனால் அந்த நியாயம் பெரும்பாலோருக்கு மறந்து போனது. 2017இல் ப்ரெண்டன் கிரெக் என்ற செயல்திறன் நிபுணர் பழைய மின்னஞ்சல்களைத் துழாவித்தான் அதைத் திரும்பக் கண்டெடுத்தார். ஒரு எண்ணின் வரலாறு தெரியாமல் அதை வாசித்தால் தவறாக வாசிப்போம் என்பதை முப்பது வருடம் வகுப்பில் சொன்னவன், இங்கே அதே பிழையைச் செய்தேன்.

ஆக ஒன்பது என்ற எண் நோய் இருக்கிறது என்கிறது, எங்கே என்று சொல்லவில்லை. அதற்கு ‘டாப்’ கட்டளை. 1984இல் வில்லியம் லெஃபேவர் எழுதியது. இன்றும் எந்த லினக்ஸிலும் கூடவே வருகிறது, நிறுவத் தேவையில்லை. மேலே சில வரிகள் சுருக்கம், கீழே ஓடும் வேலைகளின் பட்டியல். செயலி வரியை வாசிக்கச் சொன்னான். ‘யூஎஸ்’ 4, ‘எஸ்வை’ 2, ‘ஐடி’ 21, ‘டபிள்யூஏ’ 73. முதலாவது நம் மென்பொருட்களுக்குச் செலவானது, இரண்டாவது கருவின் சொந்த வேலைக்கு, மூன்றாவது சும்மா இருந்தது. நான்காவது, வன்தட்டு பதில் சொல்லட்டும் என்று செயலி சும்மா காத்திருந்த நேரம். செயலி நூற்றில் ஆறு பங்குதான் உழைத்திருக்கிறது! கீழே பட்டியலில் ‘எஸ்’ என்ற தலைப்பின் கீழ் ஏழெட்டு வேலைக்கு ‘டி’ என்ற எழுத்து நின்றது. வண்டிக்காகக் குந்தியிருப்பவர்களின் அடையாளம் அது.

அடுத்து ‘ஃப்ரீ’, இடைவெளி, கழித்தல் குறி, ‘எச்’. இது நினைவகக் கணக்கு. ‘ஃப்ரீ’ நிரலில் கொஞ்சமே இருந்ததைக் கண்டு, கடைக்காரர் சொன்னது இதைத்தானோ என்று நினைத்தேன். அந்த நிரலைப் பார்க்கக் கூடாதாம். லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தில் வாசித்த கோப்புகளின் பிரதிகளை வைத்துக்கொள்ளும், கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். பார்க்க வேண்டியது கடைசி நிரல், ‘அவெய்லபிள்’. அதில் தாராளமாக இருந்தது. சேர்த்த காசு வீண்.

நான்காவது கருவிக்கு நிறுவல் தேவை: சுடோ ஆப்ட் இன்ஸ்டால் சிஸ்ஸ்டாட். பிரான்சைச் சேர்ந்த செபாஸ்டியன் கொதார் எழுதிய பொதி. அதற்குள் ‘ஐஓஸ்டாட்’ இருக்கிறது. தட்டியது: ஐஓஸ்டாட், இடைவெளி, கழித்தல் குறி, எக்ஸ், இடைவெளி, 5. ஐந்து வினாடிக்கு ஒரு முறை ஒவ்வொரு வட்டைப் பற்றியும் ஒரு வரி வரும். முதலில் வரும் அறிக்கையை விட்டுவிட வேண்டும். அது மெசின் தொடங்கியது முதலான சராசரி, இப்போதைய நிலையல்ல. நினைவகத்தையும் வட்டையும் சேர்த்துக் காட்டும் ‘வீஎம்ஸ்டாட்’ கட்டளைக்கும் இதே விதி.

‘ஆர் அவெயிட்’ என்ற நிரலை வாசித்தேன்: 1412. ஒரு வாசிப்புக் கோரிக்கைக்கு வட்டு பதில் தர எடுக்கும் நேரம், மில்லிவினாடியில். சுகமாக இருக்கும் சுழல்வட்டுக்குப் பத்து, இருபது இருக்கலாம். கடைசி நிரல், வட்டு எவ்வளவு நேரம் வேலையில் இருந்தது என்பது, 100. வேலை முடிந்ததோ வினாடிக்குச் சில நூறு கிலோபைட்தான். நூறு வீதம் உழைத்தும் ஒரு கை நெல்கூட இறக்கவில்லை.

மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மாமா, எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. ஸ்கேன், பெக்கப் ஒண்டும் வேணாம். வேறொரு பிரதி வெச்சிரிக்கீங்களா?” என்றான்.

வைத்திருக்கவில்லை. வைக்க நினைத்திருந்தோம். வெளி வட்டு ஒன்று வாங்கும் காசுதான் ரெம் ஆகிப் போயிருந்தது.

அடுத்த நாள் உபுண்டுவைப் பென்னிலிருந்து ஏற்றி, வன்தட்டில் எழுதாமல், ‘ஸ்மார்ட்சிடிஎல்’ என்ற கட்டளையை ஓட்டினோம். ஸ்மார்ட்மொன்டூல்ஸ் என்ற பொதியில் அது வரும். வன்தட்டுகள் தங்களைப் பற்றித் தாங்களே ஒரு குறிப்பேடு வைத்திருக்கின்றன. இது அதை வாசித்துத் தரும். இரண்டு வரி முக்கியம். வாசிக்க முடியாமல் சந்தேகத்தில் நிற்கும் வட்டுத் துண்டுகள், எங்களுக்கு 312. பழுதென்று ஒதுக்கி உதிரித் துண்டால் ஈடு செய்தவை, ஆயிரத்துக்கு மேல். இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டியவை. பழுதான துண்டை வாசிக்க வட்டு திரும்பத் திரும்ப முயலும். ஒரு துண்டுக்குப் பல வினாடி போகும். அதுவரை பின்னால் நிற்கும் அத்தனை வேலையும் காத்திருக்கும். மெசின் மெதுவானதன் காரணம் இதுதான். அது மெதுவாகவில்லை, உதவி கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாக நாங்கள் அதற்கு மேலும் மேலும் வேலை கொடுத்தோம்.

மீட்கும் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடனுக்கு ஒரு வெளி வட்டு வாங்கி, ‘டிடிரெஸ்க்யூ’ என்ற கருவியால் பிரதி எடுத்தோம். அது முதலில் இலகுவாக வருவதை எல்லாம் அள்ளிக்கொண்டு, பிறகு பழுதான இடங்களுக்குத் திரும்பிப் போகும். எதுவரை வந்தோம் என்பதை ஒரு கோப்பில் குறித்துக்கொள்வதால் இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மாதத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்? மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துப் பார்த்து மூன்று இரவு ஓட்டினோம். ஆறாயிரத்துச் சொச்சம் படங்களில் பதினொன்று வரவில்லை. ஏழை மூலப் பிரதியிலிருந்து திரும்ப ஸ்கேன் பண்ணினோம். மற்ற நான்கும் ஒரு மூதாட்டியின் அரபுத் தமிழ்க் கொப்பியின் பக்கங்கள். தாலாட்டும் மருந்துக் குறிப்புமாக அவரது உம்மா எழுதி வைத்தது. மே மாதம் கொப்பியைத் திருப்பிக் கொடுத்திருந்தோம். ஜூலையில் போய்க் கேட்டபோது, அவர் மௌத்தாகி, வீட்டைப் பிரித்து வேலை நடந்துகொண்டிருந்தது. கொப்பி எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஏப்ரலில் யாராவது அந்த இரண்டு கட்டளையைத் தட்டியிருந்தால் போதும்.

புதிய திண்மவட்டு போட்ட பிறகு எல்லாம் பறந்தது. ஆனால் கதை முடியவில்லை. ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க ‘டெஸரக்ட்’ என்ற மென்பொருளைப் பாவிக்கிறோம். ஹியூலட் பக்கார்ட் நிறுவனத்தில் பிறந்து, 2005இல் எல்லோருக்கும் திறந்து விடப்பட்டது. தமிழும் படிக்கும், பழைய அச்சில் தடுமாறும். நேரத்தை மிச்சம் பிடிக்க நான்கு பக்கத்தை ஒரே நேரத்தில் கொடுத்தேன். மெசின் திரும்பவும் திணறியது. அப்டைம் சொன்ன சுமை 16! நெஞ்சு திக்கென்றது, புது வட்டும் போயிற்றோ என்று.

இந்த முறை ஓடிப்போய்க் காசு சேர்க்கவில்லை. டாப் திறந்தேன். டபிள்யூஏ பூச்சியம், யூஎஸ் 97. முந்தியதற்கு நேர் எதிர். வண்டி வந்து நெல் குவிந்து கிடக்கிறது, மதகில்தான் நெரிசல். இன்னும் விளக்கமாகப் பார்க்க ‘எச்டாப்’ நிறுவினேன். டாப்பின் நிறம் பூசிய தம்பி என்று சொல்லலாம். ஒவ்வொரு கருவுக்கும் ஒரு பட்டை காட்டும். பிரேசில்காரரான ஹிஷாம் முஹம்மத் 2004இல் வெளியிட்டது. பெயரைப் பார்த்து நம்ம ஊர்ப் பொடியனோ என்று ஒரு கணம் மகிழ்ந்தது உண்மை. நான்கு பட்டையும் முட்டி நின்றன. கீழே நான்கு டெஸரக்டுக்குப் பதிலாகப் பதினாறு வரி. விஷயம் இதுதான்: டெஸரக்ட் ஒவ்வொன்றும் தானாகவே நான்கு இழைகளாகப் பிரிந்து வேலை செய்யும். மருதமுனையில் ஒரு தறியில் நான்கு பேரை இருத்தினால் சாரம் நான்கு மடங்கு வேகமாக வருமா? ஒருவர் கை மற்றவர் கையில் இடிபடும். ‘ஓஎம்பி த்ரெட் லிமிட்’ என்ற மாறிக்கு 1 என்று கொடுத்து, ஒரு டெஸரக்டுக்கு ஓர் இழை என்று கட்டுப்படுத்தினேன். சுமை நான்குக்கு இறங்கியது. நாற்பது நிமிடம் எடுத்த மலர் பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது. செலவு ஒரு வரி.

ஒரே எண் ஏறுவதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள், இரண்டு வெவ்வேறு மருந்துகள். முதலாவது நோய்க்கு இரண்டாவதின் மருந்தைக் கொடுத்திருந்தால் வட்டு செத்தேயிருக்கும். இரண்டாவதுக்கு முதலாவதின் மருந்தைக் கொடுத்திருந்தால் இன்னொரு வட்டு வாங்கியிருப்போம்.

இவையெல்லாம் நோய் வந்த பிறகு பார்ப்பவை. நோய் வருமுன் பார்க்க ஒரு குறிப்பேடு வேண்டும். அதையும் சிஸ்ஸ்டாட் பொதியே தருகிறது. ஆனால் உபுண்டுவில் அது தூங்கிக்கொண்டிருக்கும், எழுப்பிவிட வேண்டும். ‘ஈடிசி’ கோப்புறைக்குள் ‘டிஃபால்ட்’, அதற்குள் ‘சிஸ்ஸ்டாட்’ என்ற கோப்பு. அதில் ‘எனேபிள்ட்’ என்ற வரியில் ‘ஃபால்ஸ்’ என்றிருப்பதை ‘ட்ரூ’ ஆக்கிச் சேமியுங்கள். பிறகு சுடோ, சிஸ்டம்சிடிஎல், எனேபிள், இரண்டு கழித்தல் குறியுடன் நௌ, சிஸ்ஸ்டாட் என்று தட்டுங்கள். அன்று முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லா எண்களும் பதிவாகும். வாசிக்க ‘சார்’ கட்டளை: கழித்தல் க்யூ போட்டால் சுமை, ஆர் போட்டால் நினைவகம், டி போட்டால் வட்டு. எத்தனை நாள் வைத்திருப்பது என்பதை இன்னொரு அமைப்புக் கோப்பில் ‘ஹிஸ்டரி’ என்ற வரியில் சொல்லலாம். நாங்கள் 28 போட்டோம். எடுக்கும் இடம் அற்பம்.

இந்தக் குறிப்பேட்டுக்கு ஒரு கூடுதல் நன்மையும் உண்டு. மெசின் நின்று திரும்ப எழும்பினால் அந்த இடத்தில் மறுதொடக்கம் என்று ஒரு வரி விழும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து முழு இலங்கையும் இருண்டதே, அது எங்கள் வாசிகசாலைக் கணக்கிலும் பதிந்திருக்கிறது: பதினொன்றரை மணியளவில் எண்கள் நிற்கின்றன, மறுதொடக்க வரி மாலையில். குரங்கின் பெயர் மட்டும் இல்லை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த எண்களுக்கு அடிமையாகவும் ஆகலாம். சில மாதம் நான் எச்டாப் பட்டைகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கமும் ஸ்கேன் ஆகவில்லை. இப்போது முறை வைத்திருக்கிறோம். காலையில் திறந்ததும் அந்தப் பிள்ளை அப்டைமின் மூன்று எண்ணையும், ஐஓஸ்டாட்டின் அவெயிட் எண்ணையும் வரவுப் பதிவேட்டின் பின்பக்கத்தில் எழுதுவாள். மாதம் ஒரு முறை ஸ்மார்ட். ‘டிஎஃப்’, கழித்தல் எச் என்று தட்டி வட்டில் இடம் எவ்வளவு மிச்சம் என்றும் பார்ப்பாள். ஐந்து நிமிட வேலை. வழமையான எண் எது என்று பதிவேட்டில் இருப்பதால் வழமையல்லாதது உடனே தெரிகிறது.

சென்ற மாதம் லுஹருக்கு முன் அவளிடமிருந்து அழைப்பு வந்தது. “சேர், வெளி வட்டுட அவெயிட் நாப்பது எண்டு காட்டுது. எப்பவும் பத்துத்தான்.”

“ஸ்கேனர நிப்பாட்டிட்டு ஸ்மார்ட்டப் பாருங்க புள்ள.”

“பாத்துட்டன் சேர், ரெண்டு வரியும் பூச்சியம்.” கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு அவளே சொன்னாள்: “நேத்து கூட்டின நேரம் ஆரோ வயரக் கழத்தி முன்னுக்குக் குத்தி இரிக்கிறாங்க. பின்னுக்கு நீல ஓட்டையில மாத்திப் பாக்கட்டா?”

மாற்றினாள். பதினொன்று என்று வந்தது. பதிவேட்டில் எழுதிவிட்டு ஸ்கேனரைப் போட்டாள்.